செபமாலை நேரத்து நாடகமும் கிறிஸ்தவச் சனல்களும்: மட்டக்களப்பு வீட்டுக்கு எது சரிவரும்?

புளியந்தீவானாலும் தாண்டவன்வெளியானாலும், அங்கால கல்முனை, சொறிக்கல்முனைப் பக்கம் போனாலும், கத்தோலிக்க வீட்டு ஹோலில் பெரும்பாலும் ஒரே சுவரில் இரண்டு பொருள் இருக்கும். மேலே இருதய ஆண்டவர் படம், அதன் முன்னால் சின்னச் சிவப்பு பல்ப். கீழே டிவி. பல்புக்கும் டிவிக்கும் கரண்ட் போவது ஒரே மல்டி பிளக்கில். படுக்கப் போகும்போது டிவியை நிறுத்துவதாக நினைத்துச் சுவர் சுவிட்சைத் தட்டினால் ஆண்டவர் விளக்கும் சேர்ந்து அணையும். மெதடிஸ்த வீடென்றால் படத்துக்குப் பதிலாக வசனம் எழுதிய கலண்டர். டிவி அதே இடத்தில்தான்.

இங்கே மதிப்பிடுவது அந்தச் சுவரின் கீழ்ப்பாதியை: மாலையில் வரும் தமிழ் நாடகங்கள், கிறிஸ்தவச் சனல்கள், இரண்டையும் கொண்டுவந்து சேர்க்கிற டிஷ் சேவை. படம் தெளிவா, கதை விறுவிறுப்பா என்பதல்ல அளவுகோல். இந்தப் பெட்டி காட்டுகிற குடும்பம் எந்தக் குடும்பம், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதுதான்.

முதலில் நேரக் கணக்கு. இலங்கையின் கடிகாரமும் இந்தியாவின் கடிகாரமும் 2006 முதல் ஒன்றாக ஓடுகின்றன. சென்னையில் ஏழு மணிக்குப் போகும் நாடகம் இங்கேயும் ஏழு மணிக்கே விழும். செபமாலைக்கு மணி அடிக்கிற நேரமும் அதுதான். ஐந்து தேவ இரகசியம், 53 தரம் அருள் நிறைந்த மரியே, நிதானமாகச் சொன்னால் 20 நிமிடம். இந்திய விதிப்படி ஒரு மணித்தியாலத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். ஆகவே அரை மணி நாடகத்தில் விளம்பரத்தையும் தலைப்புப் பாட்டையும் நேற்று நடந்ததைத் திருப்பிக் காட்டுவதையும் கழித்தால் புதிதாக மிஞ்சுவதும் கிட்டத்தட்ட 20 நிமிடம். இரண்டும் ஒரே நீளம். ‘செபத்துக்கு நேரமில்லை’ என்று சொல்கிற வீட்டில் நேரம் இருக்கிறது, வேறிடத்தில் இருக்கிறது.

இனி நாடகம். சென்னை நாடகம் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் மேல் கட்டப்பட்டது, அது மாமியார் வீடு. மருமகள் ஆலாத்தி எடுக்கப்பட்டு வலது காலை வைத்து உள்ளே வருவாள். பிறகு எண்ணூறு ஆயிரம் பகுதிக்கு அந்த வீட்டின் சாவி, சமையலறை, மகனின் மனசு மூன்றும் யார் கையில் என்பதுதான் கதை. வார முடிவில் மாமியார் வாசலைக் காட்டி “என் வீட்டை விட்டு வெளியே போ” என்று கத்துவார். கேமரா மருமகளின் முகத்துக்கு மூன்று தரம் பாயும், மிச்சத்தைப் பார்க்கத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் இந்தக் காட்சி நிற்காது. இங்கே கல்யாணம் முடிந்து பெட்டியோடு வருவது மாப்பிள்ளை. வீடு பெண்ணுக்குச் சீதனம், காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அவளுடைய தாய் தகப்பன் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வளவிலோ பின்னுக்கு ஒரு சின்ன வீட்டிலோ ஒதுங்குவார்கள். மாப்பிள்ளையின் தாய், அதாவது நாடகத்தில் கத்துகிற அந்த மாமி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறா, தன் வீட்டைத் தன் மகளுக்கு எழுதிவிட்டு. அவ யாரை எந்த வீட்டை விட்டுப் போகச் சொல்லுவா? தாய்வழிக் குடியும் (தாய் வழியாக வருகிற குலப்பிரிவு) பெண்வழி வீடும் ஊறிய கரை இது. குடி பார்ப்பதை விட்டுவிட்ட கத்தோலிக்க வீட்டிலும் சீதன வீடு என்ற வழக்கு விடுபடவில்லை.

அதனால் என்ன, கதைதானே என்று கேட்கலாம். நட்டம் இங்கே: நாடகம் நம்மிடம் இல்லாத சண்டைக்கு ஆயிரம் வசனம் கற்றுத்தருகிறது. நம்மிடம் இருக்கிற சண்டைக்கு ஒரு வசனமும் தருவதில்லை. கட்டாரில் நின்று இரண்டு தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடிக்கிற அண்ணன், முப்பத்தைந்து வயதில் தனக்குப் பெண் பார்க்கச் சொல்ல வெட்கப்படுகிறான். மூத்தவளுக்குத் தெருவோரக் காணி, இளையவளுக்குப் பின்வளவு என்று பிரித்ததில் அக்கா தங்கச்சி பேச்சில்லை. மனைவி வீட்டில் இருக்கிற மருமகன், ஒரு கதிரையை இடம் மாற்றவும் மாமியின் முகத்தைப் பார்க்கிறான். தாய் குவைத்தில் வீட்டு வேலை, பிள்ளைகள் அம்மம்மாவோடு. கிழமைக்கொருக்கா குழுக் கூட்டத்தில் கட்டவேண்டிய நுண்கடன். யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 கடல்கோளிலும் ஆளை இழந்து, தனியே குடும்பத்தை இழுத்த பெண்கள். இவையெல்லாம் இந்தக் கரையின் குடும்பக் கதை. நாடகத்தில் விதவை என்றால் மூலையில் வெளிறிய சேலை. இங்கே விதவை என்றால் சந்தையில் மீன் விற்றுப் பிள்ளையை ஏ.எல். படிப்பிக்கிற ஆள்.

உறவுமுறையிலும் ஒரு குழப்பம் உண்டு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டுச் சில சமூகங்களில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கம், நாடகத்திலும் அது சாதாரணமாக வரும். நமக்குத் தாய்மாமன் தகப்பனுக்கு அடுத்த ஆள், அந்த நினைப்பே ஆகாது. மச்சான் மச்சாள் கல்யாணம் இங்கேயும் முறைதான். ஆனால் கத்தோலிக்கருக்கு அதுவும் இலேசில்லை: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1091ஆம் பிரிவு நாலாம் படி வரை பக்க உறவைத் தடுக்கிறது, உடன் மச்சான் மச்சாள் அந்த நாலாம் படியில் விழுகிறார்கள். விதிவிலக்கு ஆயர் இல்லத்திலிருந்து வரவேண்டும். மண்டபம் பதிந்த பிறகு இதைக் கேள்விப்படுகிற குடும்பங்கள்தான் மாட்டுப்படுவது. பேச்சு முற்றும்போதே பாதரிடம் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்தவப் பாத்திரம் வரும் நாடகமாவது சரியாக இருக்குமா என்றால், அங்கே இன்னும் மோசம். பழைய சினிமாவில் கள்ளக்கடத்தல்காரனின் கையாளுக்கு டேவிட், கிளப்பில் ஆடுகிறவளுக்கு ரீட்டா என்று பெயர் வைத்தார்கள். நாடகம் அதைத் திருத்தி, அநாதை இல்லத்துச் சிஸ்டர், ஆஸ்பத்திரி நேர்ஸ், எப்போதும் பைபிளும் கையுமாக நிற்கிற பாதர் என்று மூன்று நல்லவர்களைத் தந்திருக்கிறது. நல்லவர்கள்தான், ஆனால் மூவருக்கும் குடும்பம் இல்லை. கிறிஸ்தவத் தகப்பன் கடன்காரனைக் கண்டு ஒளிவதோ, கிறிஸ்தவத் தாய் பிள்ளையின் ரியூஷன் காசுக்குக் கணக்குப் பார்ப்பதோ வராது.

கோயில் காட்சிகளில் பிழைகள் பட்டியல் போடலாம், மூன்று போதும். ஓடிவந்த சோடியைப் பாதர் ஒரு நிமிடத்தில் கட்டிவைப்பார். உண்மையில் அண்மையில் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், ஞாயிறு அறிவித்தல், திருமணத்துக்கு முந்திய வகுப்பு, இரண்டு சாட்சிகள், சிவில் பதிவு, இத்தனையும் வேண்டும். ஒருவர் இந்துவாக இருந்தால் 1086ஆம் பிரிவின்படி இன்னொரு விதிவிலக்கு. இரண்டாவது, “யாருக்காவது ஆட்சேபம் உண்டா” என்று பாதர் கேட்க, பின்வாசலில் வில்லன் கையை உயர்த்துவது. அந்த வசனம் அங்கிலிக்கன் வழிபாட்டு நூலில் உண்டு. கத்தோலிக்கத் திருமணச் சடங்கில் கிடையாது, ஆட்சேபம் சொல்லும் இடம் அறிவித்தல்தான். மூன்றாவது கொஞ்சம் பாரதூரமானது: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதர் நல்ல நோக்கத்தோடு பொலிசுக்கோ கதாநாயகிக்கோ சொல்வது. 983ஆம் பிரிவு எந்தக் காரணத்துக்காகவும் அதை அனுமதிப்பதில்லை, நேரடியாக மீறுகிற குரு அந்த நொடியே திருச்சபைக்குப் புறம்பாகிறார். இந்தக் காட்சியைப் பார்த்து வளர்கிற பிள்ளை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகப் பயந்தால் பிழை பிள்ளையில் இல்லை. மறைக்கல்வி ஆசிரியர்கள் இதை வகுப்பில் ஒருதரமாவது வெளிப்படையாகச் சொல்வது நல்லது.

குடும்பத்தைக் காட்டுவதில் நாடகத்துக்கு 5க்கு ஒன்றரைப் புள்ளி. அந்த ஒன்றரையும் ஒரே காரணத்துக்காக: எல்லோரையும் ஒரே பாயில் இருத்தி வைக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

கிறிஸ்தவச் சனல்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு சரக்கு உண்டு. வழிபாடு ஒன்று, போதனை ஒன்று. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

வழிபாட்டுக்கு 5க்கு 4 கொடுக்கலாம். சென்னை சாந்தோமிலிருந்து வரும் மாதா தொலைக்காட்சியில் நாள்தோறும் திருப்பலியும் செபமாலையும் உண்டு. கட்டிலை விட்டு எழும்ப முடியாத அம்மம்மாவுக்கு இது பெரிய கொடை. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அசிசி நகர்க் கிளாராவைத்தான் அறிவித்தார். நோயில் படுத்திருந்த கிளாரா, போக முடியாமற்போன நத்தார்ப் பூசையைத் தன் அறைச் சுவரில் கண்டார் என்பது மரபு. இங்குள்ளவர்களுக்குப் பழைய கதை தேவையில்லை. 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, நாட்டில் கோயில்கள் பூட்டியிருந்தன. கொழும்புப் பேராயரின் பூசையை மக்கள் டிவியில்தான் கண்டார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் மறுபடியும் அதேதான்.

ஆனால் டிவிப் பூசைக்குப் பாவனைமுறை இருக்கிறது. பிழைப்பது அதில்தான். தேங்காய் துருவிக்கொண்டு கேட்டால் அது பின்னணிச் சத்தம். தொடங்க ஐந்து நிமிடம் முந்தி டிவியைப் போட்டு, சத்தத்தைச் சரிசெய்து, ரிமோட்டைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். நோயாளி தவிர மற்றவர்கள் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும். நற்கருணை நேரத்தில் ஆன்மீக நற்கருணைச் செபம் (நற்கருணை வாங்க முடியாதவர் மனதால் வாங்கச் சொல்வது), அதை அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டினால் தேட வேண்டியதில்லை. நோயாளிக்கு நற்கருணை வேண்டுமென்றால் பங்கில் சொல்லி வைத்தால் பாதரோ நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், டிவி அதற்குப் பதிலாகாது. நடக்கக் கூடியவருக்கு ஞாயிறு கடனை டிவிப் பூசை தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழைக்கு மட்டும் நோயாளியாகிறவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு.

போதனைப் பகுதிக்கு வந்தால் புள்ளி 2க்கு இறங்குகிறது. எந்தச் சனல், எந்த ஊழியம் என்று பிரிக்காமல் அந்த வகையின் வார்ப்பைக் கிட்ட நின்று பார்ப்போம். குடும்ப சாட்சி. நீலத் திரை, அல்லது கணினி அருவி. ஒரு பெண், பக்கத்தில் கணவன். மைக் பெண்ணிடம். முதல் மூன்று நிமிடம் கடன், குடி, அடி, நோய். நாலாவது நிமிடத்தில் அயலவர் ஒருவர் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார். ஐந்தாவது நிமிடத்தில் குடி நின்றுவிட்டது, கடன் தீர்ந்தது. கணவன் அதுவரை தலையை ஆட்டியபடி இருந்து, கடைசியில் “ஸ்தோத்திரம்” என்ற ஒரு சொல் சொல்கிறார். கீழே வங்கிக் கணக்கு இலக்கம் ஓடுகிறது.

நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. நாலாவது நிமிடத்துக்கும் ஐந்தாவது நிமிடத்துக்கும் நடுவில் வெட்டி எறிந்ததைத்தான் கேட்கிறோம். நாள்தோறும் அதிகமாகக் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கம், வேர்வை, நித்திரையின்மை தொடங்கும். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், அது உயிராபத்து. அதைப் பேய் விலகுகிறது என்று எண்ணி வீட்டுக்குள் பூட்டி வைத்துச் செபிப்பதுதான் நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை. செபித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தை, விட்ட பிறகு வருகிற மாதங்கள், கையில் காசு நிற்கத் தொடங்கியதும் வருகிற புதுச் சண்டைகள், பிள்ளை தகப்பனை நம்ப எடுக்கிற ஒரு வருடம், ஒரு சாட்சியிலும் இவை இல்லை. குடும்ப வாழ்க்கை என்பதே அந்த வெட்டி எறிந்த துண்டுதான்.

இதைவிடப் பாரமான குறை ஒன்று. அடிக்கிற கணவனைப் பற்றிக் கேள்வி வந்தால் பல போதனைகளில் பதில் ஒன்றே: பொறுமையாய் இரு, கீழ்ப்படி, செபி. நாடகத்து மருமகளுக்குச் சொல்லப்படுவதும் இதே பதில்தான், அங்கே தாலியின் பெயரால், இங்கே வசனத்தின் பெயரால். எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் மனைவிக்குச் சொன்ன 22ஆம் வசனம் வாசிக்கப்படும். அதற்கு முந்திய 21ஆம் வசனம் ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்கிறது, 25ஆம் வசனம் கணவனிடம் உயிரையே கேட்கிறது, இரண்டும் நேரம் போதாமல் விடுபடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலின் 241ஆம் பத்தி, வன்முறையிலிருந்து மனைவியையோ பிள்ளைகளையோ காப்பாற்றப் பிரிந்திருப்பது சில வேளைகளில் ஒழுக்கநெறிப்படி தேவையாகிறது என்றே சொல்கிறது. நாட்டின் சட்டமும் இருக்கிறது, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. கீழே ஓடும் வங்கி இலக்கத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டு நாலிலக்க எண்களும் ஓடினால் இன்னும் ஒரு புள்ளி தரலாம்.

உள்ளூர்ச் சனல்களைச் சீக்கிரம் முடிக்கலாம். சக்தி 1998இல் வந்தது, வசந்தம் 2009இல். நத்தாருக்கும் உயிர்ப்புக்கும் சிறப்பு நிகழ்ச்சி உண்டு, மொழியும் உறவுமுறையும் நமக்குப் பழகியவை. ஆனால் நாடகம் என்று வந்தால் இந்தியச் சரக்கோடு போட்டிபோடக் காசில்லை. கிழக்கு மாகாணத்துப் பறங்கியர் குடும்பம் ஒன்றையோ, கொத்தியாபுலைப் பக்கத்துக் கமக்காரக் கத்தோலிக்க வீடொன்றையோ தொடர்நாடகமாக யாராவது எடுத்தால் முதல் பகுதிக்கே கூட்டம் சேரும்.

அடுத்தது டிஷ். இந்தச் சேவைக்கு 5க்கு 3, இழக்கிற இரண்டு புள்ளியும் மழைக்கும் உப்புக்கும். இந்தியச் சேவைகளின் செய்மதிகளில் பெரும்பாலானவை மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, 70 பாகைக்கும் மேல் உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கின்றன. அதனால் பக்கத்து வளவுத் தென்னை மறைக்கிறது என்று டெக்னீசியன் சொன்னால் உடனே நம்ப வேண்டாம். டிஷ்ஷுக்கு நேர்மேலே ஓலை தொங்கினால்தான் மறைக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழையில் படம் கட்டம் கட்டமாக உடைவது டிஷ்ஷின் பிழையல்ல, கன மழை அந்த அலைவரிசையை விழுங்குகிறது. மழை ஓய்ந்து பத்து நிமிடத்தில் படம் திரும்பாவிட்டால்தான் பழுது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் நல்ல வெயிலில், நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போனால் டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருகிற நாட்கள் அவை, தானாகச் சரியாகும்.

கடற்கரை வீட்டில் முதலில் பழுதாவது எல்.என்.பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கிற தலை) அல்ல, அதில் திருகுகிற எஃப் கனெக்டர், அதாவது கேபிள் நுனியில் உள்ள உலோகத் திருகு. உப்புக்காற்றில் பச்சை பிடித்து, தண்ணீர் கேபிளின் உள்ளே இறங்கும். பெட்டியின் மெனுவில் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு கோடு இருக்கும். பலம் இருந்து தரம் விழுந்தால் டிஷ் அசைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம், இரண்டுமே விழுந்தால் கனெக்டரையும் கேபிளையும் பாருங்கள். புதுக் கனெக்டரும் மேலே சுற்றிய ரப்பர் நாடாவும் பெரும்பாலும் போதும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளையம் கீழே தொங்கவிட்டால் மழைநீர் அதில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது. மின்னல் நேரத்தில் பெட்டியின் கரண்டை மட்டுமல்ல, பின்னால் உள்ள கேபிளையும் கழற்ற வேண்டும். ஆண்டவர் விளக்குக்கு மட்டும் வேறு பிளக் கொடுத்துவிடுங்கள்.

பெக்கேஜில் ஏமாறுகிற இடம் ரீலோட். இந்தியக் கட்டணத்தை இலங்கை ரூபாவாக மாற்றுகிற விகிதத்தைக் கடைக்காரர்தான் தீர்மானிக்கிறார், இரண்டு கடையில் கேளுங்கள். கார்ட் இந்திய முகவரியில் பதிந்ததென்றால் பழுதுக்கு முறையிட இடமில்லை என்பதையும் தெரிந்தே வாங்குங்கள். மதச் சனல்களில் பெரும்பாலானவை காசில்லாத சனல்கள். பூசைக்காகவே மேல் பெக்கேஜ் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், சனலின் பெயரைச் சொல்லி அது அடிப் பெக்கேஜில் இல்லையா என்று கேளுங்கள். டிஷ் இல்லாத வீட்டில் போன் போதும். குறைந்த தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 300 எம்.பி. டேட்டா போகும்.

பாவனைக்கு, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1994இல் உலகத் தொடர்பு நாளுக்காகத் தொலைக்காட்சியும் குடும்பமும் பற்றி எழுதிய செய்தி இன்னும் கைகொடுக்கிறது. என்ன வருகிறது என்று பெற்றோர் முந்தியே அறிந்து, பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுங்கள், சில வேளை பேசாமல் நிறுத்திவிடுங்கள் என்பது அதன் சாரம். ‘அன்பின் மகிழ்ச்சி’யின் 50ஆம் பத்தியோ, வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் சேர்ந்து சாப்பிடுவதையே விட்டு டிவிக்கு அடிமையாவதைச் சொல்லிக் கவலைப்படுகிறது. அதை ஹோலில் நடைமுறைப்படுத்த இப்படிச் செய்யலாம். ஆறரைக்குச் செபமாலை, ஏழுக்கு ஒரு நாடகம், ஏழரைக்கு டிவியை நிறுத்திச் சோறு. வீட்டுக்கு ஒரு நாடகம் என்று வைத்தால் சண்டை வராது. எந்த நாடகம் என்பதை மாதத்துக்கொருதரம் அம்மம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து தெரிவு செய்யட்டும். சனல் பூட்டுக்குத் தொழிற்சாலை இலக்கம் பெரும்பாலும் 0000 அல்லது 1234, பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும், முதல் நாளே மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த வருடத்தை வைக்காதீர்கள், அதைத்தான் அடுத்ததாக அடித்துப் பார்ப்பார்கள்.

நாடகத்தைத் தடைசெய்வதால் மட்டும் பயனில்லை, தடைசெய்த நாடகம் போனில் வரும். அன்பியக் கூட்டத்திலோ (பங்கில் அயல் வீடுகள் சேர்ந்து கூடுகிற சிறு குழு) மெதடிஸ்த ஐக்கியத்திலோ அதைப் பேச்சுப்பொருளாக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை எடுங்கள். மூன்று கேள்வி போதும்: இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? இதே சண்டை நம் தெருவில் வந்தால் யார் யாரோடு பேசாமல் இருப்பார்கள்? மன்னிப்புக் கேட்க முதலில் யார் போக வேண்டும்? முதல் கேள்விக்கே சிரிப்பு வரும், இரண்டாவதில் கொஞ்சம் அமைதியாகும். மூன்றாவதுக்கு யாரும் உடனே வாய் திறக்காவிட்டால் வற்புறுத்தாமல் ஒரு பாட்டோடு முடியுங்கள். கூட்டத்தை ஏழரைக்குப் பிறகு வையுங்கள், முந்தி வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.